முழுக் கட்டுரை கிடைப்பவை மட்டும்

படித்தவர்கள் எழுத வேண்டிய இடத்தில் நான் வந்து உட்கார்ந்திருப்பதற்கு முதலில் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். தட்டச்சில் லோயர் முடித்திருக்கிறேன். தென்காசி பழைய பஸ் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் ஒரு கடையில் இருபத்திரண்டு வருடமாக மற்றவர்கள் எழுதியதைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். மனு, வாடகைப் பத்திரம், கல்யாணப் பத்திரிகை, கல்லூரிப் பிள்ளைகளின் ஆய்வேடு எல்லாம் என் விரல் வழியாகப் போயிருக்கின்றன. என்னுடையது என்று ஒரு பக்கம் போனதில்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு வாய் திறக்க வராது. அப்படித் திறக்காமல் இருந்ததால் ஒரு காரியம் கெட்டது. அதனால்தான் எழுதத் துணிந்தேன்.

யாருடைய காரியம் கெட்டதோ அவரை நாங்கள் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசியில் ஒருவரை ஒருவர் பார்த்ததும் கேட்பது, தண்ணீர் விழுகிறதா என்பதுதான். மலையைப் பார்த்து, மேகத்தைப் பார்த்து ஆளாளுக்கு ஒரு பதில் சொல்லிவிடுவோம். டீச்சர் வேலை பார்த்த தொடக்கப் பள்ளி ஐந்தருவிக்குப் போகும் வழியில் இருந்தது. அதனால் கடைக்கு வருகிறவர்கள் அவரிடம் கேட்பார்கள். அவர் சொல்லும் பதில் இப்படி இருக்கும்.

"நேத்து சாயங்காலம் நாலரைக்கு விழுந்துச்சு. இன்னைக்கு நான் பாக்கல."

கடைக்கார அண்ணாச்சிக்கு அதில் ஒரு விளையாட்டு. "விடிஞ்சதுல இருந்து மழ பெஞ்சுக்கிட்டுல்லா இருக்கு டீச்சர். விழாம எங்க போவும்?" என்பார்.

"விழும்தான் அண்ணாச்சி. நான் பாக்கலல்லா" என்பார் டீச்சர். சிரிக்க மாட்டார். கோபமும் இருக்காது.

பகுதி நேரமாகப் பிஎச்.டி.க்குப் பதிவு செய்திருந்தார். கல்வியியல் பாடம். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை, செல்போனில் எழுத்து பொடியாகத் தெரிகிறது என்று சனிக்கிழமைகளில் எங்கள் கடைக்கு வருவார். வெளிநாட்டு அரசாங்கம் ஒன்று நடத்தும் ஆராய்ச்சிக் களஞ்சியம் இணையத்தில் இருக்கிறது. பள்ளிக்கூடம், பிள்ளைகள், பாடம் சொல்லிக் கொடுப்பது பற்றி உலகத்தில் யார் ஆராய்ச்சி செய்திருந்தாலும் அதில் தேடினால் வரும். டீச்சர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிச் சொல்வார், நான் அடிப்பேன். எனக்கு ஆங்கிலம் எழுத்தாகத் தெரியும், பேச்சாகத் தெரியாது. அடித்துப் பழகிய சொற்களின் முகம் தெரியும், அவ்வளவுதான்.

தேடும் கட்டத்துக்குக் கீழே சின்னதாக ஒரு பெட்டி உண்டு. முழுக் கட்டுரை கிடைப்பவை மட்டும் என்று அதற்கு அர்த்தம். அதில் குறி வைக்காவிட்டால் ஆயிரக்கணக்கில் வந்து குவியும். ஆனால் பாதிக்கு மேல் ஒரு பத்திச் சுருக்கம்தான் இருக்கும், உள்ளே போக முடியாது. எங்களிடம் வருகிற மற்ற எல்லோரும் அந்தச் சுருக்கத்தை எடுத்துத்தான் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தை நிரப்புவார்கள். இன்னார் இந்த வருடம் இப்படி ஆராய்ந்தார், இப்படிக் கண்டார் என்று வரிசையாகப் போகும் அத்தியாயம் அது. டீச்சர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"அந்தப் பெட்டியில டிக் பண்ணும்மா. வாசல்ல மாட்டியிருக்க போர்ட வாசிச்சுட்டு வீட்டுக்குள்ள போயிட்டு வந்தேன்னு சொல்லக் கூடாதுல்லா."

அதன்பிறகு அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே நான் அந்தப் பெட்டியில் குறி வைத்துவிடுவேன்.

கிடைத்த கட்டுரையை அச்செடுத்துக் கொண்டுபோவார். ஒரு மர ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து நகர்த்தி நகர்த்திப் படிப்பார். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் பென்சிலால் ஒரு குறி. கடைசிப் பக்கத்தின் அடியில் 'பார்த்தேன்' என்று எழுதித் தேதி போடுவார். ஒரு கட்டுரைக்கு மூன்று வாரம் கூட ஆகும். அகராதியில் கிடைக்காத சொல் வந்தால் அதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்து கல்லூரிக்குப் போகும் அன்றைக்குக் கேட்டுக்கொண்டு வருவார்.

அவர் தேடியது எளிய விஷயம்தான். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது குற்றாலத்தில் சீசனும் திறக்கிறது. லாட்ஜில் துணி அலசுகிறவர்கள், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள், சிப்ஸ் கடை, துண்டு ஜட்டிக் கடை போடுகிறவர்கள் எல்லோருக்கும் அந்த இரண்டரை மாதம்தான் வருடம் முழுவதற்கும் சோறு. பிள்ளைகளும் கடைகளில் நிற்கின்றன. ஆகஸ்ட் கழிந்து வகுப்புக்கு வரும்போது படித்த எழுத்து மறந்துபோயிருக்கிறது. இப்படி ஓர் ஊரைப் பற்றி உலகத்தில் யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா என்பதுதான் அவர் கேள்வி.

அருவி என்பதற்கான சொல்லைப் போட்டோம். பிள்ளைகள் விளையாட்டு மைதானத்தில் விழுந்து அடிபடுவது பற்றி வந்தது. சுற்றுலா என்று போட்டோம். ஓட்டல் வேலைக்கு ஆட்களைப் பழக்குவது பற்றி வந்தது. பருவம், வேலை, பிள்ளைகள் என்று சேர்த்துப் போட்டபோது கட்டுரைகள் வந்தன. பழம் பறிக்கவும் அறுப்புக்கும் ஊர் ஊராகப் போகும் குடும்பங்களின் பிள்ளைகளைப் பற்றியவை. டீச்சர் மாதக்கணக்கில் அவற்றைப் படித்தார். பிறகு ஒரு சனிக்கிழமை அந்தக் கட்டுரைகளோடு வந்து உட்கார்ந்தார்.

"இந்தப் பிள்ளைங்க பயிருக்குப் பின்னால போகுது. நம்ம பிள்ளைங்க எங்கனயும் போகல. ஊர் உலகந்தான் இங்கன வருது. இதுக்கு அவங்ககிட்ட சொல்லே இல்லம்மா" என்றார்.

அன்றைக்கு நாங்கள் வெவ்வேறு விதமாகப் பதினோரு தடவை தேடினோம். எதுவும் பொருந்தவில்லை, வேறு சொற்களில் தேடிப் பாருங்கள் என்றே வந்தது. நான் மனம் விட்டுப்போய் அவரைப் பார்த்தேன். அவர் தாளில் அந்தப் பதினொன்றையும் வரிசையாக எழுதி, எதிரே பூஜ்யம் பூஜ்யம் என்று போட்டுக்கொண்டிருந்தார்.

"என் புத்தகம் முடிஞ்சா அதையும் நெட்ல ஏத்துவாங்க. நாளைக்கு எவளாவது ஒருத்தி இதே மாதிரி உக்காந்து தேடினா ஒண்ணாவது வரணும்லா" என்றார்.

அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். பதவி உயர்வுக்கு அந்தப் பட்டம் உதவாது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அவரைப் பற்றி நல்லதாகவே எழுதிக்கொண்டு போனால் பொய்யாகிவிடும். என் மகளைக் கல்லூரி விடுதியில் சேர்க்க ஒரு படிவம் கொடுத்தார்கள். குடும்பத்தை மூன்று வருடமாகத் தெரிந்த அரசு ஊழியரோ ஆசிரியரோ கையெழுத்துப் போட வேண்டும். எனக்குத் தெரிந்த ஆசிரியர் அவர் ஒருவர்தான். இரண்டு நாள் யோசித்து, கூச்சத்தை விட்டுக் கேட்டேன். படிவத்தை ஸ்கேல் வைத்து முழுவதும் படித்தார்.

"எனக்கு உன்ன ரெண்டு வருஷமும் ஒரு மாசமுந்தான் தெரியும்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. காகிதக் கட்டு எடுக்கிற மாதிரி உள்ளே போய்விட்டேன். பிறகு அண்ணாச்சி தனக்குத் தெரிந்த ஒரு ரிட்டயர்டு வாத்தியாரைப் பிடித்தார். அவர் என்னையும் பார்க்கவில்லை, என் மகளையும் பார்க்கவில்லை, படிவத்தையும் பார்க்கவில்லை. சைக்கிளில் இருந்தபடியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அடுத்த இரண்டு சனிக்கிழமை நான் டீச்சரோடு தேவைக்கு மேல் பேசவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. கவனித்திருந்தாலும் மாறியிருக்க மாட்டார்.

அதன் காரணம் எனக்கு அந்த ஆடியில்தான் தெரிந்தது. ஒரு சனிக்கிழமை காலையில் காற்றில் கம்பி அறுந்து மின்சாரம் போய்விட்டது. அண்ணாச்சி சாப்பிடப் போயிருந்தார். வெளியே தூறிக்கொண்டிருந்தது. டீச்சர் இருட்டில் ஸ்கேலைக் கையில் வைத்துக்கொண்டு, நான் கேட்காமலே சொன்னார்.

பள்ளிகளில் இப்போது வருகைப் பதிவைக் காலை பத்து மணிக்குள் செல்போனில் ஏற்ற வேண்டும். சீசனில் எண்ணிக்கை குறைந்தால் மேலே இருந்து தலைமை ஆசிரியருக்குத் தினமும் போன் வரும். நாலாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை. ஐந்தருவிப் பக்கம் ஒரு சிப்ஸ் கடையில் காலையில் வாழைக்காய் உரித்துக் கொடுத்துவிட்டுப் பத்தரை மணிக்குக் கையில் வாழைக்கறையோடு வகுப்புக்கு ஓடி வரும். தலைமை ஆசிரியர், எப்படியும் வரப்போகிற பிள்ளைதானே, பேர் அடிபட்டுப் போகக் கூடாது, வந்ததாகவே போட்டுவிடுங்கள், இதையெல்லாம் எவன் பார்க்கப் போகிறான் என்றார். டீச்சரும் போட்டார். ஒரு வாரம் அந்தப் பிள்ளை பத்தரைக்குத் தவறாமல் வந்தது. எட்டாவது நாள் வரவில்லை. பதினொரு மணிக்கு எண்ணெய்ச் சட்டி சரிந்து பிள்ளை மேல் கொட்டிவிட்டது. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்து இறந்துபோனது.

விசாரணை வந்தது. கடைக்காரர், அந்தப் பிள்ளை என் கடையில் வேலை பார்க்கவில்லை, பள்ளியிலிருந்து விளையாட்டுக்கு ஓடி வந்திருக்கிறது என்றார். செல்போனில் அன்று காலை ஒன்பது நாற்பதுக்குப் பிள்ளை பள்ளியில் இருந்ததாகப் பதிவு இருந்தது. டீச்சர் போய், பிள்ளை அன்று வரவில்லை, பார்க்காமல் போட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார். எழுதிக் கொடுக்கவும் செய்திருக்கிறார். விசாரித்தவர் அந்தத் தாளை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, நீங்கள் எழுதினதுதானே, எழுதினதுதான் நிற்கும் என்று சொல்லிவிட்டார். டீச்சர் மேல் நடவடிக்கை எதுவும் இல்லை. அப்படி எடுத்தால் எல்லாப் பள்ளியின் பதிவையும் கிளற வேண்டிவரும். கடைக்காரர் மேலும் வழக்கு நிற்கவில்லை.

"அவ அம்மா லாட்ஜ்ல பெட்ஷீட் துவைக்கவ. பள்ளிக்கூடத்து கேட்டுல வந்து நின்னு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. டீச்சர், எம்பிள்ள அன்னைக்கு உங்க கிளாஸ்ல இருந்துச்சான்னு. இல்லன்னு சொன்னேன். பொறவு ஏன் இருந்துச்சுன்னு எழுதினீங்கன்னு அவ கேக்கல. கேட்டிருக்கலாம்."

மின்சாரம் வந்தது. டீச்சர் எழுத்துக் கூட்டிச் சொல்ல ஆரம்பித்தார், நான் அடித்தேன்.

அந்தப் பிள்ளை இறந்துபோன நாளிலிருந்து அவர் தனியாக ஒரு நோட்டு வைத்திருந்தார். தன் கண்ணால் பார்த்த பிள்ளைகளை மட்டும் தினமும் அதில் எழுதுவார். நாலு சீசன் நோட்டு. அதுதான் அவருடைய ஆராய்ச்சி. அதைப் புத்தகமாகக் கொடுத்தால் பள்ளிப் பதிவுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் வெளியே வரும், வேலைக்கே ஆபத்து என்று சக ஆசிரியர்கள் பயமுறுத்தினார்கள். அதற்கு அவர் தயாராகவே இருந்தார்.

இனி என் காரியம்.

டீச்சரின் பிஎச்.டி. பதிவுக் காலத்தை மூன்று தடவை நீட்டிக் கொடுத்துவிட்டார்கள். கடைசித் தேதி ஒரு புதன்கிழமை. முந்தின வெள்ளிக்கிழமை டீச்சர் எல்லாவற்றையும் என்னிடம் கொடுத்து, பக்க எண் போட்டு ஒழுங்கு செய்யச் சொல்லிப் போனார். இரண்டாம் அத்தியாயத்தில் ஒன்பது கட்டுரைகள் இருந்தன. ஒன்பதும் அவர் 'பார்த்தேன்' போட்டவை. ஆய்வுக்கு வழிகாட்டும் கல்லூரிப் பேராசிரியரான அவருடைய கைடு, அந்த அத்தியாயத்தைப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை மத்தியானம் கடைக்குப் போன் செய்தார். முப்பது கட்டுரையாவது இல்லாமல் என்னம்மா ஆய்வேடு, இதில் நான் கையெழுத்துப் போட முடியாது, நாளைக் காலை நான் வெளியூர் போகிறேன் என்றார். டீச்சர் வகுப்பில் செல்போன் வைத்துக்கொள்ள மாட்டார். நான் நாலு தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை.

எங்கள் கடைக் கம்ப்யூட்டரில் 'ரிவ்யூ' என்று ஒரு கோப்பு இருக்கிறது. இதுவரை தட்டச்சு செய்த ஆய்வேடுகளில் இருந்து எடுத்துச் சேர்த்து வைத்த முன் ஆய்வுகள். காப்பி அடித்ததைக் கண்டுபிடிக்கும் மென்பொருளில் சிக்காதபடி ஒவ்வொன்றையும் நாலைந்து விதமாக மாற்றி எழுதி வைத்திருக்கிறோம். யார் வந்து கேட்டாலும் எடுத்துக் கொடுப்போம். அதைத் தப்பு என்று யாரும் சொன்னதில்லை. நான் அதிலிருந்து பள்ளி வருகை பற்றியவை இருபத்தொன்றை எடுத்துச் சேர்த்தேன். முப்பது ஆயிற்று. அண்ணாச்சிக்கு அன்று சாயங்காலம் கைடின் கல்லூரிப் பக்கம் போகிற வேலை இருந்ததால், அவரே கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கி வந்தார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டீச்சர் வந்தார். கையெழுத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "ஒம்பது போதும்னு ஒத்துக்கிட்டாரா?" என்று கேட்டார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். கடையில் இன்னும் மூன்று பேர் நின்றார்கள். தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது. நான்கு பிரதியும் அன்றே பைண்டிங்குக்குப் போயின.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்தார். கத்தரிப்பூ நிறச் சேலை, நெற்றியில் திருநீறு. பதினொன்றரை பஸ்ஸில் திருநெல்வேலி போக வேண்டும், பல்கலைக்கழகத்தில் சாயங்காலம் வரைதான் வாங்குவார்கள். கொடுக்குமுன் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று ஸ்டூலில் உட்கார்ந்து ஸ்கேலை எடுத்தார். பசை வாசம் போகாத அட்டையைத் திறந்து முதல் பக்கத்திலிருந்து படித்தார். மூலையில் குறி, மூலையில் குறி. நான் ஒரு வாடகைப் பத்திரத்தை அடித்துக்கொண்டிருந்தேன். ஒரே வரியை மூன்று தடவை அடித்திருக்கிறேன்.

பென்சில் சத்தம் நின்றது.

"இது யாரு சேத்தது?"

சொன்னேன். கைடு போன் செய்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீ படிச்சியா இத?"

"இல்ல டீச்சர்."

"நானும் படிக்கல. அப்ப யாருதான் படிச்சா?"

அண்ணாச்சி இடையில் வந்தார். "டீச்சர், எல்லாரும் செய்யுததுதான். அங்கன எவன் இத உக்காந்து பாக்கப் போறான்? பஸ்ஸுக்கு நேரமாச்சு, கிளம்புங்க."

டீச்சர் அவரைப் பார்த்தார். "எங்க எச்.எம்மும் இதத்தான் சொன்னாரு அண்ணாச்சி. எவன் பாக்கப் போறான்னு. பாத்தாங்க. அத மட்டுந்தான் பாத்தாங்க."

பிறகு கைடுக்குப் போன் செய்தார். அந்த இருபத்தொன்றையும் எடுத்துவிட்டுக் கொடுக்கலாமா என்று கேட்டார். எடுத்தால் அதில் என் கையெழுத்து இல்லை என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது. டீச்சர் சரி சார் என்று சொல்லி வைத்தார். பதினொன்றரை பஸ் சந்து முனையில் ஒலி எழுப்பிவிட்டுப் போயிற்று. அண்ணாச்சி கார் பிடித்துத் தருகிறேன் என்றார். டீச்சர் முன்பக்கத்தைத் திருப்பினார். இது என் சொந்த ஆய்வு, இதில் குறிப்பிட்டவற்றை நானே படித்து எழுதினேன் என்ற உறுதிமொழியும் கீழே அவரே போட்டிருந்த கையெழுத்தும் இருந்தன.

நான் பக்கத்தில் போய் நின்றேன். மன்னிக்கச் சொல்ல வாய் வரவில்லை.

"நல்லதுன்னுதான் செஞ்சிருப்ப" என்றார். "நானும் அந்தப் பிள்ளைக்கு நல்லதுன்னுதான் போட்டேன்."

நாலு சீசன் நோட்டையும் ஸ்கேலையும் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். நான்கு பிரதியும் மேசையிலேயே இருந்தன.

அதன்பிறகு அவர் கடைக்கு வரவில்லை. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார் என்று சிலர் சொல்கிறார்கள். உடம்பு சரியில்லை என்றும் சொல்கிறார்கள். நான் பார்க்கவில்லை. கடையில் ஆள் இல்லாத நேரத்தில் சில சமயம் அவர் சொல்லித்தந்த சொற்களை அந்தக் களஞ்சியத்தில் அடித்துப் பார்ப்பேன். பெட்டியில் குறி வைத்தும் பார்ப்பேன், வைக்காமலும் பார்ப்பேன். பூஜ்யம்தான் வருகிறது. பிரதிகள் நான்கும் மேல் தட்டில் இருக்கின்றன. ஒன்றில் முப்பத்திரண்டாம் பக்கம் வரை பென்சில் குறி இருக்கிறது.

டீச்சர் இறங்கிப் போன மறுநாள் வியாழக்கிழமை. வழக்கம்போல் ஒன்பது மணிக்குக் கடை திறந்தோம். எம்.எட். படிக்கும் ஒரு பெண் வந்து, பள்ளி வருகை பற்றி ரிவ்யூ இருக்கிறதா என்று கேட்டாள். எத்தனை வேண்டும் என்று கேட்டேன்.